மூன்று கதிரைக்கு எதிராக ஒரு சட்டசபை

அஜ்மான்,
ஞாயிற்றுக்கிழமை.

ஒரு மாநிலச் சட்டசபையையே நடுங்கவைத்த எங்கள் குலவிளக்கு மருமகள் துஷானிக்கு, உன் தாயின் ஒரே தமையனும் அஜ்மான் நகரம் இன்னும் கண்டுகொள்ளாத பேரறிஞனுமாகிய மார்க்கண்டு மாமா எழுதுவது. இங்கே நானும் என் சீனி வருத்தமும் சண்டை சச்சரவின்றி ஒரே கட்டிலில் வாழ்கிறோம். அங்கே நீயும் அமெரிக்கக் குளிரும் அவ்வாறே வாழ நயினை அம்மன் துணை.

உன் செய்தியை பஸ்ஸில் வாசித்தேன். வாசித்த பிரமிப்பில் இறங்கவேண்டிய இடம், அதற்கடுத்த இடம், துபாயின் பாதி எல்லாம் கடந்துபோய்விட்டன. நிறத்தாலோ இனத்தாலோ ஒதுக்கப்பட்டு வாசலுக்கு வெளியே தயங்கி நிற்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டு உள்ளே இருத்துவதற்கென்று உன் பல்கலைக்கழகத்தில் நீ வேலை பார்த்த ஓர் அலுவலகம். மூன்று கதிரை, ஒரு பூச்சாடி. அதை மூட மாநிலத்தின் இரண்டு அவைகளும் கூடி, விவாதித்து, வாக்கெடுத்து, ஆளுநர் கையெழுத்தும் போட்டு, அரசாங்கக் காசில் நடக்கிற எந்த இடத்திலும் இனி இப்படி ஒன்று இருக்கக்கூடாது என்று சட்டமாம். ஆள் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றி, ஆணித் துளைக்கும் வெள்ளை பூசிவிட்டுப் போனாராம். பிள்ளை, எவ்வளவு பெரிய மரியாதை! என்னை இந்த வளைகுடாவில எத்தினை தரம் வேலையால நிப்பாட்டியிருக்கிறாங்கள், ஒருத்தனாவது ஒரு கூட்டம் வைச்சானா? ‘கலாஸ்’, அரபியில முடிஞ்சுது எண்டு ஒரு சொல்லு, அதுவும் போனைப் பாத்துக்கொண்டு.

அறையில் என்னோடு இருக்கிற ஏசி மெக்கானிக் பழனிச்சாமிக்கு இதைச் சொன்னேன். சிவகங்கைப் பக்கத்து ஆள், லேசில் அசையமாட்டார். கையிலிருந்த குப்பூஸ் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டார்.

“ஒதுங்கி நிக்கிறவனை உள்ள கூப்பிடுறதுக்கு ஒரு ஆபீசா? அதுக்குச் சம்பளம் வேறயாண்ணே?”

“ஓம், சம்பளமும் குடுத்தவங்கள்.”

“பெரிய ஊருதாண்ணே,” என்றார்.

அந்த வேகத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். உன் அலுவலகத்தை அங்கே மூடினால் என்ன, அதன் வளைகுடாக் கிளையை எங்கள் அறையில் திறப்போம் என்று முடிவெடுத்தேன். அறையில் ஒரு கட்டில் காலி. எங்கள் தெரு மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிற பெட்ஸ்பேஸ், அதாவது கட்டில் வாடகை விளம்பரம் ஒவ்வொன்றிலும் இன்ன ஊர், இன்ன பாஷை, இன்ன சாப்பாட்டுக்காரன் மட்டும் என்றுதான் இருக்கும். நான் மட்டும், “எந்த நாட்டவரும், எந்தச் சமயத்தவரும் வரலாம், வருக வருக” என்று எழுதி ஒட்டினேன். தொலைபேசி அடித்த அடியில் அது உருகாமல் தப்பியது அம்மன் அருள். ஆனால் ஒருவராவது வரவேண்டுமே? ஒருவன் மூட்டைப்பூச்சியா என்றான். ஒருவன் அந்தக் கட்டிலில் யாராவது செத்துப்போனாரோ என்று கேட்டான். இன்னொருவன் ஹிந்தியில் மிகப் பணிவாக, எழுதினது சரி பாய், உண்மையில் அது யாருக்கான கட்டில் என்றான். நான் எல்லாருக்கும் என்றேன், அவன் பயந்து வைத்துவிட்டான்.

பழனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாரும் வரலாம்னா ஒருத்தனும் வரமாட்டாண்ணே.”

அப்போதுதான் பிள்ளை, நீ இவ்வளவு காலம் செய்த வேலையின் கனம் எனக்கு விளங்கியது. ஒரு கட்டிலுக்கே எனக்கு நாக்கு தள்ளுது. நீ ஒரு பல்கலைக்கழகத்துக்கல்லோ செய்தனீ?

வேலை போனால் விசாவும் போகும், அங்கே ஏதாவது கிடைக்குமா மாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். இதென்ன கேள்வி? எங்கள் அலுவலக மேலாளர் கலீல் ரஹ்மானிடம் உன் படிப்பை ஒப்புவித்தேன். மனிதர் நெஞ்சில் கைவைத்து, ஆளை வரச்சொல்லுங்க, இடம் ரெடி என்றார். ஆகையால் அந்த மூன்று கதிரைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உடனே டிக்கெட் எடு. இந்த ஊரில் உன்னை மூட எந்தச் சட்டசபையும் கூடாது.

நீ காலெடுத்து வைக்கும் விமான நிலையமெல்லாம் வெளிச்சமாகட்டும், பூச்சாடிக்கும் என் அன்பைச் சொல்.

உன்னால் பெருமைப்பட்டு இரண்டு அங்குலம் வளர்ந்த,
மார்க்கண்டு மாமா.

பி.கு: கடித உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கலீல் ரஹ்மான் அழைத்தார். “படிப்பு கிடக்கட்டும் அண்ணே, புள்ளைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?” இலங்கை என்றேன். அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டு பாஸ்போர்ட் என்று நினைத்தாராம். ஒரே வேலை, ஒரே மேசை. ஆனால் பாஸ்போர்ட்டுக்குத் தக்க சம்பளமாம். அமெரிக்கருக்கு மேலே, நமக்குக் கீழே. கோபமாகவும் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். மேலே எழுதினதை எல்லாம் கிழிச்சுப்போடு பிள்ளை, டிக்கெட் எடுக்காதை. அங்க எழுதிவைச்ச சட்டத்தை இன்னொரு சட்டசபை வந்து அழிக்கலாம். இஞ்ச இதை ஆர் எழுதினதெண்டே ஒருத்தருக்கும் தெரியாது, ஆரிட்டைப் போய் அழிக்கச் சொல்லுறது? அதே கட்டடத்தில வேற ஏதாவது கதவைத் தட்டி, உள்ள ஒரு கதிரை கேள். என்ன பேர்ப்பலகை எண்டாலும் பரவாயில்லை, வெளிய நிக்கிற பிள்ளையளுக்குக் கண்ணில படுற இடமாப் பாத்து இரு.