ஏழரை அண்ணரின் சனிக்கிழமைச் சோறு

சனீஸ்வரனுக்கு எங்கள் ஏழரை அண்ணரைப்போல் பயந்த மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. அந்தப் பயத்தில் வயிறு வளர்த்தவர்கள் நாங்கள்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த பதினான்கு பேர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடந்தோம். கீழே அண்ணரின் இரும்புக் கடை. ஒரே மாதத்தில் மூன்று தடவை அவரைப் பொலிஸார் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போதாததற்குக் கடை ஷட்டரும் காலில் விழுந்தது. சாதகக் குறிப்போ இடம்பெயர்ந்த அவசரத்தில் ஊரிலேயே விடுபட்டுவிட்டது. கோயிலடிச் சாத்திரியார் ஆளின் முகத்தை மட்டும் பார்த்து, "ஏழரைச் சனி. சனிக்கிழமையிலை அன்னதானம் குடும்" என்றார். அந்த நாளில் வெள்ளவத்தைத் தமிழர் எல்லோரையும் பிடித்திருந்த சனிதான் அது. இவர் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மாடியேறி வந்தன.

"உங்களிலை இரக்கப்பட்டுப் போடுறனெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. இது என்ரை சனிக்கு. வடிவாச் சாப்பிட்டு ஏப்பம் விடுங்கோ. அரைவயிறெண்டால் எனக்குப் பலிக்காது."

நான் வாய் தவறி, "நன்றி அண்ணை" என்றுவிட்டேன். மனிதர் பாய்ந்தார்.

"நன்றி சொல்லாதையும்! சொன்னால் புண்ணியத்திலை பாதி போயிடும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்!"

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கும் துணிவு எவருக்கும் வரவில்லை.

காகம் தொட்ட பிறகுதான் எங்களுக்குப் பந்தி. வெள்ளவத்தைக் காகங்கள் மீன் தின்று கொழுத்தவை. மரக்கறிச் சோற்றை ஏறெடுத்தும் பார்க்கா. பதினான்கு பேரும் பல்கனியில் நின்று "கா! கா!" என்று கத்துவோம். ஒருநாள் சத்தம் கேட்டுச் சந்தியில் காவல் நின்ற ஆமிக்காரன் துவக்கோடு மேலே வந்துவிட்டான். அண்ணர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் காகத்தின் கதையை விளக்கி, அவனையும் இருத்திச் சோறு போட்டார். அவன் போன பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பெடியன் ஏப்பம் விட்டவனோ?"

"இது தர்மமே இல்லை, தம்பி. முழுச் சுயநலம்" என்பார் எங்களோடு இருந்த வாத்தியார், தனக்கு மூன்றாம் தரம் சோறு போட்டபடி.

மூன்றாம் வருடம் அண்ணரின் தங்கை ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார், பிஸ்கட் டின்னுக்குள் சாதகத்தோடு. அண்ணர் அதை என்னிடம் நீட்டினார். என் தகப்பனார் சாதகம் பார்ப்பவர். எனக்கும் கொஞ்சம் வரும்.

"என்ரை கண்ணாடியைக் காணேல்லை. சனி எப்ப விடுமெண்டு பாரும்."

பார்த்தேன். எங்களுக்கு முதல் சோறு போடுவதற்கு முன்பே அவருடைய ஏழரை முடிந்துவிட்டிருந்தது! எனக்கு விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. கிழமையில் ஒரு நாள் வயிறு நிறைவது அந்தச் சனிக்கிழமைதான். வாத்தியார் மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும்... அஞ்சு வருசம் இருக்கு, அண்ணை."

என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. அவர் சாதகத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மடித்து டின்னுக்குள் வைத்தார்.

"அஞ்சு காணாது. சண்டை முடியிற பாடாக் காணேல்லை. ஏழெண்டு வையும்."

படியிறங்கப் போனவர் திரும்பினார். "வாற கிழமை பாயாசமும் காய்ச்சுவம். சனி கொஞ்சம் உக்கிரமாத்தான் நிக்குது."

எனக்கு விசா கிடைக்கவேயில்லை. கொழும்பிலேயே வேலை கிடைத்தது. லொட்ஜை விட்டுப் போகும் சனிக்கிழமை, சாப்பிட்டு எழுந்து அண்ணரின் முன்னால் நின்றேன். நன்றி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இன்றுவரை நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவருடைய புண்ணியத்தில் ஒரு பருக்கைகூடக் குறையக் கூடாது.