ஒஸ்லோவுக்கு ஒன்றே ஒன்று

மயில்கழுத்து நிறச் சேலை ஒஸ்லோவுக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. கிருஷ்ணகுமாரி தன் புருஷன் மகேசனிடம் விட்டுப்போன வேலை அவ்வளவுதான்.

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் சேலைக்கடை வைத்திருப்பவள் அவள். அவளும் பரிஸ், லண்டன், சூரிச் கடைக்காரரும் ஒரே தொலைபேசி அழைப்பில் கூடிக் கதைத்து, காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒவ்வொரு டிசைனிலும் எந்த நகரத்துக்கு எத்தனை என்று கோட்டா பிரிப்பார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே சனம்தானே கலியாணத்துக்குக் கலியாணம் பறக்கிறது. இரண்டு பெண்கள் ஒரே சேலையில் எதிர்ப்பட்டால் இரண்டு குடும்பமும் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காது.

"ஊருக்கெல்லாம் உடுத்திவிட்டனான். மகளின்ரை கலியாணத்திலையாவது என்னைத் தனியத் தெரியவேணும்," என்று சொல்லிவிட்டு, அழைப்புக் கொடுக்க மூன்று கிழமைக்குப் பேர்கன் பக்கம் போய்விட்டாள்.

இரவு முழுக்க ரயில்பெட்டி கழுவிவிட்டு வந்த மகேசன் காலையில் அந்த அழைப்புக்குத் தொலைபேசியோடு குந்தினார். யன்னலுக்கு வெளியே பனி, யாரோ வெள்ளைத் துணியை உதறி உதறி மடிப்பதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கண் சொருகியது.

"அண்ணை, ஒஸ்லோவுக்கு ஒண்டு போதும்தானே?" என்றாள் பரிஸ் மரியரஞ்சனி.

நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய காலத்தில் மகேசனுக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருந்தது. அந்த வடக்கத்திச் சனம் ஆமென்று சொல்ல வாய் திறக்காது. 'ஸ்ஹ்' என்று மூச்சை உள்ளே இழுக்கும். மகேசனும் இழுத்தார்.

பரிசில் அது நெஞ்சு நொந்த மனிதனின் மூச்சாகக் கேட்டது.

"கோவிக்காதேங்கோ. அஞ்சு?"

மகேசன் அதற்குள் கனவில் மீன்தொழிற்சாலைக்குப் போய்விட்டார். வெட்டுப்பலகையில் மீனுக்குப் பதில் மயில்கழுத்துச் சேலைகள் நழுவிவந்தன. களைப்போ என்று மேலாளர் கேட்டார். ஸ்ஹ்.

"மனுசன் அழுறார் போலை," என்றான் லண்டன் சாய். "பொம்பிளைப் பிள்ளையின்ரை தகப்பன். அந்த டிசைனிலை வந்த நாப்பதையும் குடுத்துவிடுங்கோ."

ஸ்ஹ்.

பொதி வந்து இறங்கியபோதுதான் மகேசன் முழுதாக விழித்தார். திருப்பி அனுப்பலாமா என்று மரியரஞ்சனியைக் கெஞ்சினார். பேச்சென்றால் பேச்சுத்தான் என்ற அவள், இரக்கப்பட்டு, "கஷ்டமோ அண்ணை?" என்றாள். பாழாய்ப்போன மூச்சு மறுபடி உள்ளே போனது. அடுத்த கிழமை சேலைக்கேற்ற நாற்பது பாவாடைகளும் வந்து சேர்ந்தன, அன்பளிப்பாக.

மனைவி திரும்புமுன் பொதி மறைய வேண்டும். கடைக்கு வந்த பெண்களைத் தனித்தனியே மூலைக்குக் கூப்பிட்டு, ஒஸ்லோவில் இது ஒன்றுதான், எங்கள் கலியாணம் முடியும்வரை உடுத்தவேண்டாம் என்று குசுகுசுத்தே விற்றார். ஒன்றுதான் என்று கேட்டபிறகு எந்தப் பெண் காத்திருப்பாள்?

கலியாண மண்டபம் மயில்கழுத்தாய் மினுங்கியது. வாசலில் ஒருத்தி, பந்தியில் ஒருத்தி, ஆலாத்தித் தட்டோடு இரண்டு பேர். நீலமும் பச்சையும் கலந்த கடலொன்று சுவருக்குச் சுவர் அலைந்தது. நடுவில் அதே சேலையில் கிருஷ்ணகுமாரி, எந்த அலை தானென்று தெரியாமல் நின்றாள். கண் நிரம்பிவிட்டது. மகேசன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அப்போது மாப்பிள்ளை லூக்காசின் தாய் வந்தாள். நோர்வேக்காரி. தங்கள் ஊருக்கென்றே உள்ள பாரம்பரிய பூனாட் உடுப்பில் அவளும் மூன்று தங்கைமாரும் அச்சொட்டாய் ஒரே மாதிரி. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிருஷ்ணகுமாரியின் கையைப் பிடித்து, பொறாமையை மறைக்காமல் நோர்வேஜிய மொழியில் சொன்னாள்:

"உங்களுக்காக உங்கள் ஊரே பூனாட் உடுத்தி வந்திருக்கிறதே, எனக்கு வந்தது மூன்று பேர்தான்."