புன்னைமரச் சாமிக்குத் தற்காலிக முகவரி

ஒரு காட்டில் இத்தனை அநியாயமும் நடக்கிறதென்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயே, முதல் குற்றவாளி நீதான். மற்றவர்களெல்லாம் உனக்குப் பிறகுதான். பெயர் சொல்லத் தேவையில்லை. கதை முடிவதற்குள் உனக்கே உறைக்கும்.

காடென்றால் கடலோரக் காடு. உப்புக்காற்றும் சரியும் மணலும் உள்ள இடம். அங்கே மாசானமுத்து என்று ஒரு கீரி இருந்தது. சின்ன வயதில் நண்டு பொறுக்கி, பிறகு கருவாடு விற்று, எவன் தயவும் இல்லாமல் மேலே வந்த கீரி. அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் மூன்று அறை வளை தோண்டிக் குடும்பத்தோடு குடியிருந்தது. பேரம் பேசாமல் எதையும் வாங்காது. மழை பெய்தால்கூட, "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடும்" என்று வானத்தைப் பார்த்துக் கேட்கும்.

வளையை ஒட்டி ஒரு கிழட்டுப் புன்னை. அதன் வேர் பிடித்திருந்ததால்தான் மணல் சரியாமல் வளை நின்றது. இப்போது அதே மரத்தால்தான் வளைக்கு ஆபத்து. அடிமரம் பொக்கையாகி, தலை முழுக்க வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே மனைவி பேச்சித்தாய் கண் திறக்காத குட்டிகளோடு படுத்திருந்தது. ஐப்பசிப் புயல் வருகிற நேரம். மரம் விழுந்தால் நாலு குட்டியும் மண்ணோடு மண்.

மரம் தானாக ஒன்றும் சாயவில்லை. போன வருஷம் மரங்கொத்தி வைத்தியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் பாரத்தக் கொறச்சுக் கவாத்து பண்ணணும். மீன் கழுவுத தண்ணிய வேர்ல ஊத்தாதீரும். ரொம்ப காலம் நிக்கும்" என்றது. கூலியும் சொன்னது. மாசானமுத்து சண்டை போட்டு அதைப் பாதியாக்கியது. மரங்கொத்தி பாதிக் கூலிக்குப் பாதி மரத்தைக் கவாத்து பண்ணிவிட்டுக் கிளம்பியது. அதுவும் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் பாதி.

"ஏல, இந்தப் பக்கக் கொப்ப எவன் வெட்டுவான்?"

"அது மீதிக் கூலி, அண்ணாச்சி."

அன்றையிலிருந்து மரம், ஏதோ ரகசியம் சொல்ல வருவதுபோல வளையைப் பார்த்துக் குனிய ஆரம்பித்தது.

இனி வெட்டுவதைத் தவிர வழியில்லை. வெட்ட அனுமதி வேண்டும். மாசானமுத்து வன அலுவலகத்து வரிசையில் போய் நின்றது. ஜன்னலுக்குள் ஆமை உட்கார்ந்திருந்தது.

"மரம் எங்க நிக்கி?"

"கடக்கரையில."

"அப்ப கடலோர ஆபீசுக்குப் போம்."

கடலோர ஆபீசில் நண்டு. "என்ன விஷயம்?"

"ஒரு மரம்..."

"மரம்னா வன ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு நண்டு பக்கவாட்டில் நடந்து டீ குடிக்கப் போய்விட்டது.

இப்படி அங்கும் இங்கும் உருண்டு, கடைசியில் ஆமை, "செல்போன்லயே போடலாமே வே, எதுக்கு அலையுதீரு?" என்றது. போட்டதும் திரும்பி வந்தது. புகைப்படம் கோணலாக இருக்கிறதாம்.

"வே ஆமையாரே! படம் நேராத்தான் இருக்கு. மரந்தான் கோணல். அதுக்குத்தான வெட்டக் கேக்கேன்?"

"அதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது. மரத்த நேரா நிக்கச் சொல்லி எடும்."

மாசானமுத்துவுக்கு வால் மயிர் சிலிர்த்துவிட்டது. "நேரா நிக்கிற மரத்த நான் எதுக்குவே வெட்டப் போறேன்?"

"பாத்தீரா! அப்ப வெட்ட வேண்டிய அவசியமே இல்லன்னு நீரே சொல்லுதீரு" என்று ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

கடைசியில் கீரி செல்போனைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தது. படத்தில் மரம் நேராக நின்றது. கடல்தான் ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அனுமதி வந்துவிட்டது.

உடனே மரம் அறுக்கிற முள்ளம்பன்றியைப் பிடித்துப் பேரம் முடித்தது. "கூலி கிடையாது. மரத்த நீரே எடுத்துக்கிடும். புன்னக் கட்ட வள்ளம் செய்ய ஆகும், அள்ளிக்கிட்டுப் போவானுவ" என்று ஆசை காட்டியது. உள்ளே பொக்கை என்பதை மட்டும் சொல்லவில்லை.

காலையில் முள்ளம்பன்றி மிஷின் ரம்பத்தோடு வந்தது. மரத்தைப் பார்த்தது. அப்படியே ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றியது.

அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

"என்னவே இது? சாமி மரத்த அறுக்கவா என்னயக் கூப்பிட்டீரு? எனக்குப் புள்ள குட்டி இருக்குவே!"

"எனக்கும் இருக்கு! அதுக்குத்தான அறுக்கச் சொல்லுதேன்! நேத்து சாயங்காலம் வர இது வெறும் மரந்தான்!"

"நேத்து வரைக்கும். இன்னைக்குச் சாமி."

மாசானமுத்து தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. "எவம்ல கட்டுனது? ஆம்பளையா இருந்தா முன்னால வா!" யாரும் வரவில்லை. மத்தியானத்துக்குள் பத்து முயல்கள் வந்து விளக்கு வைத்துவிட்டன. சாயங்காலம் வெள்ளாடுகள் பொங்கல் வைத்தன. 'சாஞ்சமரத்துச் சாமி' என்று பெயரும் வந்துவிட்டது. கும்பிட்டவர்கள் எல்லாரும் மரத்துக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் தெரியுமா? சாயாத பக்கம்.

காற்று வேகமெடுத்தது. மரம் முனகியது. வேறு வழியில்லாமல் கீரி கொக்குப் பூசாரியிடம் ஓடியது.

கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி யோசித்தது. "கோயில்ல வேல நடக்கும்போது செய்யுததுதான். சாமியத் தற்காலிகமா ஒரு கொடத்துல எறக்கி வச்சிருவோம். அப்புறம் மரம் வெறும் மரம். வெட்டிக்கிடலாம்."

"எறக்கும், எறக்கும்! இப்பவே எறக்கும்!"

"கொடத்த வைக்க இடம்? என் கொளத்தங்கரையில வைக்கலாம். இட வாடக உண்டு."

அங்கேதான் கீரியின் பிறவிக்குணம் தலையெடுத்தது. "வாடகயா? என்ன வே, தற்காலிகந்தான? எங்க வீட்டு நடையிலயே வையும். வாடக மிச்சம்."

கொக்கு காலை மாற்றி நின்றது. "நல்லாச் சொல்லுதீரா? அப்புறம் சாமி முகவரி மாறாது பாத்துக்கிடும்."

"நல்லாத்தான் சொல்லுதேன்!"

குடம் வளை வாசலுக்கு வந்தது. முள்ளம்பன்றி மரத்தைக் கடல் பக்கமாகத் தள்ளி அழகாக அறுத்துச் சாய்த்தது. பொக்கையைப் பார்த்ததும் கீரியின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு, கட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனது. அன்றே புயல் வந்தது. காட்டில் பாதி மரம் விழுந்தது. மாசானமுத்துவின் வளைமேல் ஒரு சருகுகூட விழவில்லை. வேரை விட்டுவைத்ததால் மணலும் சரியவில்லை.

மாசானமுத்து மீசையை முறுக்கியது. "பாத்தியா? பேசுத இடத்துல பேசணும். நான் காப்பாத்திட்டேன்."

ஊர் வேறு மாதிரிச் சொன்னது. "பாத்தியா, சாமி இருந்த வீடு தப்பிச்சிருச்சு!"

மறுநாள் வாசலில் வரிசை. உண்டியல் வந்தது, ஒலிபெருக்கி வந்தது. முன்னறையில் பிரசாதக் கடை, நடு அறையில் கொக்கின் அலுவலகம். பிறகு ஆமை வந்து, ஊர் வழிபடுகிற இடத்தில் தனியார் குடியிருக்கக்கூடாது என்று சொல்லி, மிச்சமிருந்த பின்னறைக்குப் பூட்டு மாட்டியது. மரம் வெட்ட அனுமதி கொடுக்க அத்தனை நாள் எடுத்த ஆமை, பூட்டோடு ஓடிவந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாய், எனக்குத் தெரியும்.

"பூசாரி, தற்காலிகம்னு சொன்னீரே! சாமியத் திருப்பி மரத்துல ஏத்தும்!"

"தாராளமா ஏத்துவோம். மரம் எங்க வே?"

மாசானமுத்து அன்று ராத்திரியே கன்று தேடிக் கிளம்பியது.

அடுத்த நாளே வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புன்னைக் கன்று நட்டது. மீன் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. நல்ல தண்ணீர், எரு, முட்டுக்கொடுக்கக் குச்சி, சுற்றி முள்வேலி. அந்தக் காட்டில் எந்த மரத்தையும் எவனும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. சாமியைக் காலி பண்ணவைக்க மரம் வளர்த்த முதல் பிராணி அதுதான். கன்று நாலு இலை விட்டது. தரிசனம் முடிந்து வந்த வெள்ளாடு ஒன்று வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு, நாலு இலையையும் தின்றது.

"ஏட்டி, அது என் கன்னு!"

"பிரசாதம்லா அண்ணாச்சி" என்றது ஆடு, மென்றுகொண்டே.

குடும்பம் வெட்டிப்போட்ட புன்னைக் கட்டையின் பொக்கைக்குள் குடியேறியது. ஒருநாள் அங்கே உட்கார்ந்து மாசானமுத்து வழக்கம்போலக் கத்தியது. "அந்தத் துணியக் கட்டுனவன் மட்டும் கெடச்சான்..."

பேச்சித்தாய் குட்டியை நக்குவதை நிறுத்தியது. "நாந்தான் கட்டினேன்."

"என்னது?"

"என் பழைய சேலைத் தலப்பத்தான் கிழிச்சுக் கட்டினேன். நீங்க ஆபீஸ் ஆபீஸா அலஞ்சீங்க. அனுமதி கெடச்சத எங்கிட்டச் சொல்லல. மரம் என் தலைக்கு மேல ஆடிக்கிட்டே கெடந்துச்சு. புள்ளைகள வச்சிக்கிட்டு நான் வேற யார்கிட்ட மனு குடுக்க?"

பேரம் பேச அதில் ஒன்றும் இல்லை. மாசானமுத்து எழுந்து, நேராகத் தன் வீட்டு வாசலுக்குப் போய், இலவச தரிசன வரிசையில் கடைசியாக நின்றது. குடத்துக்கு முன்னால் வந்ததும் கும்பிடவில்லை. இடுப்பில் கைவைத்தது.

"வே, உம்மத்தான். மரங்கொத்தி பாதி செஞ்சான், கேட்டா மீதிக் கூலிங்கான். ஆமை வரிசையக் காட்டினான். கொக்கு உம்மக் காட்டுதான். எம் பொண்டாட்டி உம்மகிட்டதான் சொல்லிருக்கா, வேற யார்கிட்டயும் சொல்லல. நீரும் ஒரு வார்த்த பேசல. எம் புள்ளைக கண்ணு தொறந்துட்டு. மொதல்ல பாத்தது பொக்கக் கட்டய. அதுக சொந்த வீட்ட இன்னும் பாக்கல."

"நடங்க அண்ணாச்சி, நடங்க, பின்னால ஆளு நிக்கி" என்று முயல் தள்ளியது.

கீரி நகரவில்லை. "வாடக கேக்கல. இருந்த நாளுக்குக் கணக்கும் கேக்கல. நான் பேரம் பேசாத ஒரே இடம் இதுதான். எறங்கும். எறங்கி, எங்க வீட்ட எங்ககிட்டக் குடுத்துட்டு, வேற இடம் பாரும். இப்பவே!"

நீதி: சாமியை இடம் மாற்றும்போது முகவரி கேட்பார்கள், எப்போதும் பக்கத்து வீட்டு முகவரியையே கொடுக்கவும்.