பத்து முதல் பன்னிரண்டு வரை: ரீடிங்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் மரியாதை. 'வாசிப்பு' என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் கையிலிருக்கும்போது, எடுப்பாக இருக்கட்டுமே என்று நான் 'ரீடிங்' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் உத்திரமேரூரில் நான்கு தெருக்காரர்கள் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, முந்தானையாலும் பழைய காலண்டர் அட்டையாலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது யூனிட்டுக்கு.

யூனிட்டைப் போல மனிதர்களைக் கரைத்துக் குடித்தவர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கிடையாது. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். எங்கள் கரண்ட் ஆபீஸில் அவர் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பவர், நான் உட்கார்ந்து தேய்க்கிற கிளார்க். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலை விட்டு வெளியே வந்ததில்லை, ஊருக்கு அவர் யூனிட்தான். அவருக்கும் ஊரில் ஒருவர் பெயரும் தெரியாது. எல்லோரும் அவரவர் வீட்டு மின் இணைப்பின் சர்வீஸ் நம்பர்தான். நான் நூத்திப்பதினாலு. என் மனைவியும் நூத்திப்பதினாலு. ஒருமுறை கல்யாணப் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்து, "இருநூத்தி ஏழு பொண்ண எண்பத்தொம்பதுல குடுக்கறாங்க, நல்ல எடம்" என்றார். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தால், பெண் என் சொந்தத் தங்கை மகள்.

மீட்டரைப் பார்த்தே வீட்டைச் சொல்வார். யூனிட் இறங்கியிருந்தால், "மாமியாரு மவ வூட்டுக்குப் போயிட்டாங்க, சீரியல் ஓடல" என்பார். ஒருநாள் என்னிடம், "இன்னா நூத்திப்பதினாலு, போன வாட்டிக்கு இந்த வாட்டி அறுவது யூனிட் ஏறிகீது. மச்சான் வந்து குந்திக்கினு கீறானா?" என்றார். அதிர்ந்துபோனேன். மச்சான் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அப்போது உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தான்.

அப்படிப்பட்டவர் போன வருடம் அறுபது முடிந்து ஓய்வு பெற்றார். எங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டின்படி சபை உறுப்பினராக எழுபது வயது வரை தகுதி உண்டு. அறுபதிலேயே சந்தனமாலை போட்டு அனுப்புகிற வழக்கம் பிற்பாடு வந்தது. பிரிவு உபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'ஓய்வுக்குப் பின் நிறைவாக வாழ்வது எப்படி' என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அத்தனையும் அன்று காலை போனில் யாரோ அனுப்பியது. சொந்தமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை எப்படி ஓட்டுவது என்பதுகூடத் தெரியாது.

ஆனால் கூட்டத்தில் ஒருவர் மட்டும் அதை நம்பிவிட்டார். மறுநாள் காலையிலேயே யூனிட் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நேத்து சொன்னியே, பிளானு. அத்த எனுக்கு எழுதிக் குடு."

"எதுக்குண்ணா அவசரம்?"

"கலைச்செல்வி சொல்ட்டா. மூணு மாசம் பாப்பாளாம். வேளைக்கு எழுந்து, வேளைக்குத் துன்னு, உருப்படியா எதனா பண்ணிக்கினு இருந்தா இங்கயே இருக்கலாமாம். இல்லன்னா மூட்டையக் கட்டுன்றா."

கலைச்செல்வி அவருடைய ஒரே மகள். தாம்பரம் பக்கம் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள். அவள் அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. அப்பா இங்கே ஒண்டியாக இருப்பது அவளுக்குக் கவலை. அவருக்கோ உத்திரமேரூரை விட்டுப் போவதென்றால் மெயின் சுவிட்சையே பிடுங்கிவிடுவது மாதிரி.

அந்தக் கவலையைப் புரிந்துகொண்டு உட்கார்ந்து யோசித்திருந்தால் நான் மனிதன். எனக்கோ விளையாட்டுப் புத்தி. ஆபீஸ் பேடில் ஒரு தாளைக் கிழித்து, போனைப் பார்த்தபடியே மளமளவென்று எழுதினேன். காலை ஐந்தரை: நடை. எட்டு: நாஷ்டா. பத்து முதல் பன்னிரண்டு வரை: ரீடிங். மாலை நான்கு: மக்கள் தொடர்பு. ஆறு: தியானம். அடியில், சும்மா ஒரு தமாஷுக்கு, ஆபீஸ் ரவுண்டு சீலையும் குத்தினேன்.

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தியானத்தில் மட்டும் சந்தேகம் கேட்டார்.

"இதுல இன்னா பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்ண்ணா."

"அத்துக்குத்தான் ரிட்டயர் பண்ணிட்டாங்களே. தனியா வேற டைம் ஒதுக்கணுமா?" என்று அந்த வரியை அடித்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சாலவாக்கத்தில் நிற்கிறாராம். ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்தவர் நேராக நடந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"எதுக்குண்ணா அவ்ளோ தூரம்?"

"நடைனு எழுதின. எங்க திரும்பணும்னு எழுதல. இப்ப டவுன் பஸ்ல வரன். பத்து மணி ரீடிங்குக்கு லேட் ஆயிடப்போவுது."

அந்தக் கடைசி வார்த்தையிலாவது நான் விழித்திருக்க வேண்டும். 'அடேயப்பா, புத்தகம் படிக்க மனுஷனுக்கு எவ்வளவு ஆர்வம்' என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

முப்பத்து நான்கு வருடம் மீட்டர் பார்த்தவருக்கு ரீடிங் என்றால் ஒன்றுதான். பையில் டார்ச், நாய்களுக்குப் பொறை, காதில் பேனா. பத்து மணிக்கு முதல் வீட்டுக் கேட்டைத் திறந்தார். அடுத்த நாளும் திறந்தார். அதற்கடுத்த நாளும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆள் தினமும் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடையில் ஒருவர், "இனிமே தெனம் பில்லாம், மேல இருந்து ஆர்டராம்" என்றார். அது பேருந்து நிலையம் போவதற்குள், "பகல்ல ஓடற ஃபேனுக்குத் தனி ரேட்டாம்" என்று வளர்ந்துவிட்டது. பத்து மணிக்குத் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் வரிசையாக ஃபேன், மிக்சி, கிரைண்டர் எல்லாம் மூச்சடைத்து நிற்கும். அவர் தெருவைத் தாண்டியதும் பழையபடி கிளம்பும். தோசை மாவு பாதியில் நின்ற பேஜாரில் எத்தனை வீட்டில் சண்டையோ. என் மனைவியே ஒருநாள் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, "கரண்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறீங்க, இதைக்கூட முன்னாடியே சொல்ல மாட்டீங்களா" என்றாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அறிவுக்கும் எனக்கும் இடையில் எப்போதுமே ஃபியூஸ் போயிருக்கும்.

புரியவைத்தவர் எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம். ஒருநாள் கூப்பிட்டு ஒரு மனுவை என் முன்னால் தள்ளினார். எழுதியவர் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சர்வீஸ் நம்பர் முன்னூத்தி ஆறு. ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் தினமும் வந்து மீட்டரைப் பார்ப்பதாகவும், 'எந்த விதியின் கீழ்' என்று கேட்டால் சீல் போட்ட உத்தரவைக் காட்டுவதாகவும், முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது. கூடவே அந்த உத்தரவின் நகல்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை முதல் கால் வரை ஒரு அதிர்வு ஓடியது. கரண்ட் ஆபீஸில் இத்தனை வருடத்தில் எனக்கு அடித்த ஒரே ஷாக் அது.

"சார், நீங்க ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம்?" என்றார் மேடம்.

"எட்டு மேடம்."

"அதுவரைக்கும் எதையும் எழுதாதீங்க. முதல்ல போய் அவரை நிறுத்துங்க."

போனேன். யூனிட் வீட்டு வாசலில் உட்கார்ந்து அன்றைய கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரீடிங் என்று நான் எழுதியது புத்தகம் படிப்பதை என்று விளக்கினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பொஸ்தகமா?"

"ஆமாண்ணா."

"ரீடிங்னா மீட்டருனுதான் இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறன். நீ எப்ப நைனா மாத்தின?"

அவர் டார்ச்சைத் துணியால் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்த நாள் பத்து மணிக்குத் தெருவில் அவரைக் காணோம். அதற்கடுத்த நாளும் இல்லை. ஃபேன்கள் தாராளமாக ஓடின. நாய்கள் மட்டும் கேட்டருகே நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தன.

செய்தி தாம்பரத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் கலைச்செல்வி அப்பாவோடு ஆபீஸுக்கே வந்தாள். பென்ஷன் தாளில் முகவரி மாற்ற வேண்டுமாம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அவள் பின்னால் நின்றார். கெடு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அங்க வந்தா உனுக்கு ஒரு கொறையும் இல்லப்பா" என்றாள் அவள், ஃபாரத்தை நிரப்பியபடி. "மீட்டருதானே பாக்கணும்? எங்க அபார்ட்மென்ட்ல அறுபது மீட்டர் கீழ ஒரே ரூம்ல கீது. வெயில் இல்ல, நாய் இல்ல. நாள்பூரா பாத்துக்கினு இரு."

அவர் ஃபாரத்தை எட்டிப் பார்த்தார்.

"மீட்டருங்க ரூம்ல கீது. சரி. ஆளுங்க எங்க இருப்பாங்க?"

கலைச்செல்வியின் பேனா நின்றது. என் பேனாவும் நின்றது. மக்கள் தொடர்பு என்று நாலு மணிக்கு நான் எழுதிக் கொடுத்ததை அந்த மனிதர் காலை பத்து மணிக்கே முடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் கணக்கு டீச்சர், கையில் இன்னொரு மனுவோடு. ஏ.இ. மேடம் எழுந்தே நின்றுவிட்டார்.

"அவரை நிறுத்திட்டோம் டீச்சர். இனிமே வர மாட்டார்."

"அதுதான் புகார். ரெண்டு நாளா ரீடிங் எடுக்க ஆள் வரலை."

"போன வாரம் வரக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"வர்றதுக்கு விதி என்னன்னு கேட்டேன். வரக் கூடாதுன்னு எந்த வரியில எழுதியிருக்கேன், காட்டுங்க."

மேடம் மனுவை எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு வரி அதில் இல்லை. கணக்கு டீச்சரிடம் வாதாடலாமா?

யூனிட் மெதுவாக முன்னால் வந்தார். "நேத்து எவ்ளோ காட்டுச்சு, முன்னூத்தி ஆறு?"

"நானே பாத்து எழுதிட்டேன். நம்பர் எழுத எனக்குத் தெரியாதா? எழுதி முடிச்சப்புறம் அந்த மீட்டர்கிட்ட எவ்வளவு நேரம் பேசறது?" என்று சொல்லி, டீச்சர் மீட்டர் அட்டையை மேஜையில் வைத்தார். அட்டையில் இடம் போதாமல் நோட்டுத் தாள்களை ஒட்டி நீட்டியிருந்தார் யூனிட். கலைச்செல்வி அதை எடுத்தாள். ஒவ்வொரு நாள் எண்ணுக்கும் பக்கத்தில் அவருடைய குட்டி எழுத்து. 'ஒரு யூனிட்கூட ஓடல. சமைக்கல. இட்லி வாங்கிக் குடுத்தாச்சு.' 'இருமல். வெந்நீர் போட்டாங்களாம்.' 'ரெண்டு யூனிட். டிவி. மவன் போன் பண்ணிகீறான், மொகம் தெளிவு.' 'ஃபேன் நிக்கிது. நம்மளப் பாத்து நிறுத்தறாங்க, ஏன்னு தெரியல.'

அதைப் படித்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. திட்டப்போகிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டுமில்லை. முகவரி ஃபாரத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மூணு மாசம் முடிய இன்னும் ஒரு மாசம் கீது. பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஏ.இ. மேடம் தீர்ப்புச் சொன்னார். ஆபீஸ் பெயரைச் சொல்லக் கூடாது, சீல் போட்ட தாளைக் கிழித்துவிட வேண்டும், கூப்பிடுகிற வீட்டுக்கு மட்டும் போகலாம். கூப்பிட்ட வீடுகள் முதல் நாளே ஒன்பது. எல்லாம் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீடுகள். அந்த ஒரு மாதமும் முடிந்து, அதற்கப்புறமும் எத்தனையோ மாதம் ஓடிவிட்டது. கலைச்செல்வி மூட்டை பற்றிப் பேசுவதில்லை. தினமும் காலையில் தன் வீட்டு மீட்டரைப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறாள். இவர் உடனே கூப்பிட்டு, "நேத்து ஏசி ஓடலியே, ஜொரமா?" என்கிறார்.

போன மாதம் எனக்கும் சந்தனமாலை விழுந்தது. எனக்காகப் பேசியவர் முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாம் என் பழைய பேச்சு.

மனைவி, மகளின் பேறுகாலம் பார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். நடக்கவில்லை. எட்டு மணிக்கு நாஷ்டா பண்ணவில்லை. ஃபேன் போடக்கூடத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். அதற்காவது ஒரு வேலை இருந்தது. அறுபது வருடமாக அடுத்தவர்களைச் சிரிக்கவைத்துக் கொண்டிருந்தவனுக்கு, யாருமில்லாத வீட்டில் தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு தமாஷும் அகப்படவில்லை.

சரியாகப் பத்து மணிக்குக் கேட் கிறீச்சிட்டது. நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

யூனிட் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. மீட்டருக்கு டார்ச் அடித்தார், காதிலிருந்து பேனாவை எடுத்தார், அட்டையில் எழுதினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில், 'ஃபேன் போடல. டீ போடல. ஒண்டியா கீறான். நாளைக்கும் வரணும்' என்றிருந்தது.

கேட்டே விட்டேன். "உண்மையச் சொல்லுண்ணா. என்னைப் பாக்கத்தானே வந்த?"

அவர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"ரீடிங் எடுக்க வந்தன்."