சம்பந்தி ஊட்ட வந்த வால்கொழுப்பு

அல்மாத்தி மாநகரில் பித்தநீரை ஆராய்ந்தே பெரும்பெயர் எடுத்த என் அக்கா மகள் டாக்டர் சௌலேக்கு,

கர்கராலியிலிருந்து உன் தாய்மாமன் ஒரல்பெக், புல்வெளி அதிர எழுதுவது. நானும் உன் அத்தை கமரும் முந்நூறு செம்மறிகளும் சுகம். நீயும் உன் நுண்ணோக்கியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

போன வருஷம் என் குடலில் இருந்த கட்டியை நறுக்கி எடுத்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "மாமா, கொழுப்புத் தின்னத் தின்ன கல்லீரல் பித்தத்தைக் கொட்டும். மிச்சம் பெருங்குடலுக்குப் போனா அங்க இருக்கிற கிருமிங்க அதைக் கடுமையான அமிலமா மாத்திடும். அது குடல் சுவரை அரிச்சு அரிச்சு, ஒரு நாள் புற்றா முளைக்கலாம். உங்க கட்டி பாதி வழி வந்துடுச்சு." அன்றிலிருந்து என் கல்லீரலிடம் மரியாதையாகவே பேசுகிறேன்.

நேற்று என் மகன் தாஸ்தானுக்கு நிச்சயம். சம்பந்தி வாயில் செம்மறி வால்கொழுப்பும் ஈரலும் ஊட்டாமல் நம் பக்கம் எந்தச் சம்பந்தம் உறுதியாகியிருக்கிறது? பெண்ணைப் பெற்ற சேய்சென் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு துண்டும் லாயத்துக் கதவளவு, வெள்ளை வெளேரென்று தளதளத்தது. உள்ளே என் பித்தப்பை வேட்டைநாய் போல எழுந்து நின்றது. நானோ மலைபோல வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன சம்பந்தி, எங்க பொண்ணு வேணாமா?"

"பொண்ணு வேணும். கொழுப்புதான் வேணாம்."

"ஏன், உங்ககிட்டயே நிறைய இருக்கோ?"

கூட்டம் எழுந்துவிட்டது. பெண் உள்ளே விசும்பினாள். தாஸ்தான் என்னைக் கண்ணாலேயே புதைத்தான். உடனே நான் முழங்கினேன் பார், பித்தம், கிருமி, அமிலம், பின்வழியே விடும் குழாய், ஒன்றையும் விடவில்லை! முப்பது பேரும் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்கள். சேய்சென் என் சட்டையைப் பிடித்துக் கொட்டிலுக்கு இழுத்துப்போனார். உதைக்கத்தான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, "சம்பந்தி, நாலு மாசமா எனக்கு ரத்தம் போவுது. வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்தக் குழாய் வலிக்குமா?" என்றார்.

"தேன் மாதிரி இறங்கும்" என்றேன்.

வெளியே வந்து, நகக்கண் அளவு ஈரலை மட்டும் என் வாயில் வைத்து, "நிச்சயம் முடிஞ்சுது!" என்று அறிவித்தார். வியாழக்கிழமை அவரை உன்னிடம் அழைத்து வருகிறேன்.

உன் கை நடுங்காதிருக்கவும், உன் குழாய் கோணாதிருக்கவும் ஆசீர்வதிக்கும்,
மாவீரன் ஒரல்பெக்

பி.கு.: உண்மையை எழுதாவிட்டால் தபாலில் சேர்க்க மாட்டாளாம் உன் அத்தை. என் வாயை மூடியது அவள் கை. நான் நன்றாகத்தான் திறந்திருந்தேன். குழாய் எப்படி இறங்கியது என்பதும் எனக்குத் தெரியாது. நீ மயக்க ஊசி போட்டிருந்தாய். இந்த வசந்தத்தில் மறுபடி வரச்சொல்லி நீ கொடுத்த சீட்டைப் பழைய பூட்ஸுக்குள் ஒளித்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டாள். ஆகவே வியாழனன்று இரண்டு பேர். என்னை முதலில் கூப்பிட்டுவிடு, கண்ணு. வெளியே காத்திருந்தால் சம்பந்தி எதிரிலேயே அழுதுவிடுவேன்.