சுக்கினியும் என் தூக்கமும்

கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். தண்ணீர் வருகிற நாளில் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். நகை கேட்கவில்லை. காசிக்குக் கூட்டிப்போ என்று கேட்கவில்லை. தூக்கம் கேட்டேன். அதுதான் கிடைக்கவில்லை.

மைசூரில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதுவும் திருடன் மாதிரி இருட்டில் வரும், இருட்டிலேயே போய்விடும். குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பேன். முதலில் அது இருமும். பிறகு காறும். பிறகுதான் தண்ணீர் விடும். அந்த இருமல் கேட்டதும் நான் எழுந்து டிரம், குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் செந்தில்நாதனுக்கு அந்த இருமல் கேட்காது. ஏன் என்று நான் கேட்டால், "ஷிஃப்ட் பாத்த உடம்பு புள்ள, அசந்துருது" என்பார். தொழிற்சாலையில் அவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வருஷங்கள் ஆகிவிட்டன. உடம்பு மட்டும் இன்னும் ஷிஃப்டிலேயே இருக்கிறது. அதே உடம்புக்கு, நான் சமையலறையில் முறுக்கு டப்பாவைத் திறந்தால் தெருமுனையிலிருந்து கேட்கும்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மலர்க் கண்காட்சிக்குப் போய் ஒரு விதைப் பொட்டலத்தோடு வந்தார். வாசலிலேயே நின்று அறிவித்தார்.

"இனிமே நம்ம வீட்டுக்கு மார்க்கெட் காய் வராது. சுக்கினி போடப் போறேன்."

"அப்படின்னா?"

"ஃபாரின் காய். பாக்க வெள்ளரிக்கா மாதிரி. ஆனா பூசணி ஜாதி."

"திங்க எப்படி இருக்கும்?"

"அதெல்லாம் இப்பக் கேக்கறியே, மொளைக்கவே இல்ல!"

முளைக்கவும் இல்லை. விதைகளை என் நல்ல பருத்திப் புடவையின் முந்தானையைக் கிழித்துச் சுற்றினார். டப்பாவில் வைத்தார். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் தண்ணீர் ஊற்றினார். நான் தூக்கம் கெட்டுப் பிடித்த தண்ணீர். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் செத்த எலி வாசம்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

மிச்சம் இருந்த விதைகளையும் அப்படியே மூழ்கடித்துவிட்டுத் தூங்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. விதை மேல் இரக்கம் இல்லை, முந்தானை மேல் இரக்கம். துணியை எடுத்து நன்றாகப் பிழிந்தேன். ஈரம் மட்டும் இருக்கும்படி மடித்து, இட்லி மாவு புளிக்கிற கதகதப்பான மூலையில் வைத்தேன். நாலு நாளில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"பாத்தியா?" என்று உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். "கைராசி!"

பிழிந்தது நான் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? மாவு புளித்தாலும் அவர் கைராசி என்பார்.

நான் துணி காயப்போடுகிற இடத்தில்தான் வெயில் நன்றாக விழும். அங்கே செடி போனது. துணி நிழலுக்குப் போனது. செடி என்னவோ நன்றாக வளர்ந்தது. யானைக் காது மாதிரி இலை. தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கண்ணு, வாடிப் போயிட்ட? தாகமா?" என்று கேட்பார். நான் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது என்னிடம் அவர் கேட்டது, "ரசம் வெச்சியா?"

பிறகு பூ வந்தது. முதலில் எல்லாம் ஆண் பூ. கூட்டமாக வந்தன. ஜம்மென்று விரிந்தன. ஒரு வேலையும் செய்யாமல் மத்தியானத்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டன. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அப்புறம் பெண் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் விரல் அளவு பிஞ்சு. அவையும் மஞ்சளாகி அழுகி விழுந்தன. வீட்டுக்காரர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது, இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுக் கமலம்மாள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பாதி, கன்னடம் பாதி. மாடியில் பீர்க்கு, பாகல் எல்லாம் போடுவாள். மதில் சுவர் பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.

"நோடு, பாரு சுந்தரா, இங்க தேனீ எங்க வருது? நாமளே தொடணும். ஆண் பூவைக் கிள்ளி பெண் பூ நடுவுல தடவிட்டா ஆயித்து. ஆனா விடியக்காலைல செய்யணும். வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

"விடியக்காலைன்னா?"

"நீ தண்ணி பிடிக்கிற நேரந்தான்."

என் தலைக்குள் குழாய் இருமியது.

"கமலா," என்றேன். "இதை நீ என்கிட்ட சொல்லலை. அவர்கிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு. இன்னொன்னும் சேத்துச் சொல்லு."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் கமலம்மாள் நின்றாள். இந்தப் பக்கம் அவர். நான் பாத்திரம் தேய்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"இவ்வளவுதானா! இவ எப்படியும் அந்நேரத்துக்கு எந்திரிக்கிறவதானே. இவளே தொட்டுரட்டும்."

எனக்குத் தெரியும் இதுதான் வரும் என்று.

"ஐயய்யோ அண்ணா!" என்று கமலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பூசணி ஜாதிக்குப் பொம்பளை கை படக்கூடாது! பிஞ்சு வெம்பிடும். முழுப் பூசணிய மொதல்ல ஆம்பளைங்கதானே வெட்டறாங்க? ஏன்னு நினைக்கிறீங்க?"

அவர் முகம் மாறியது. அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். பூசணிப் பிஞ்சைச் சுட்டு விரலால் காட்டியதற்கே சின்ன வயதில் தலையில் குட்டு வாங்கியவர்.

"ஆமா, ஆமா," என்றார். "ஏ புள்ள, நீ செடி கிட்டயே போகாத."

"போகலைங்க" என்றேன். இவ்வளவு மனப்பூர்வமாக நான் அவருக்குக் கீழ்ப்படிந்ததே இல்லை.

மறுநாள் இருட்டில் அவர் எழுந்தார். அலாரம் வைத்து, டார்ச் எடுத்து, மங்கி குல்லா போட்டுக்கொண்டு, திருப்பதி போகிற மாதிரி கிளம்பினார். அன்று தண்ணீர் நாள். நான் போர்வைக்குள் அசையாமல் கிடந்தேன். குழாய் இருமியது.

"ஏ புள்ள! தண்ணி வருது!"

கண்ணைத் திறக்காமல் சொன்னேன். "எழுந்ததுதான் எழுந்துட்டீங்க, அப்படியே தண்ணியையும் பிடிச்சிருங்க."

டார்ச் வெளிச்சம் ஒரு தரம் என் முகத்தில் விழுந்து அணைந்தது. பிறகு டிரம் நகர்கிற சத்தம். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நல்ல சங்கீதம் அது.

ஆனால் தூங்கினேனா? இல்லை. டிரம் கழுவினாரா? மூடி போட்டாரா? குடிக்கிற குடத்தைத் துணி வாளியில் மோந்தாரா? படுத்தபடி முழித்துக்கொண்டே கிடந்தேன். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த தூக்கத்தை எப்படித் தூங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் ஆயிற்று பழக. அப்புறம் தூங்கினேன். மகள் தாரணியிடம் ஃபோனில் சொன்னபோது அழுதேவிட்டேன். "எதுக்கும்மா அழற?" என்றாள். அவளுக்கு மாடியில் டேங்க் இருக்கிறது.

சுக்கினி காய்த்தது. காய்த்துத் தள்ளியது. சாம்பாரில் சுக்கினி, கூட்டில் சுக்கினி, தோசையில் சுக்கினி. எதிலும் ருசி இல்லை. தெருவெல்லாம் கொடுத்துவிட்டு, "கைராசி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் தூங்குகிறேன்.

பிறகு இலைகளில் மாவு பூத்த மாதிரி வெள்ளை விழுந்தது. அவர் செடியைப் பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டார்.

"வயசாயிருச்சு இதுக்கு. இனி எந்திரிக்க வேண்டியதில்ல."

செடி போனால் பூ போகும். பூ போனால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

இலையின் வெள்ளைக்கு மருந்தாகப் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்தேன். அவர் எழுவதற்கு முன்னால் எழுந்தேன். தினமும், தண்ணீர் வராத நாளிலும். குனிந்து ஒவ்வொரு இலையாக, அடியும் மேலும், துடைத்துவிட்டு, ஓசைப்படாமல் வந்து படுத்து, பொய்க் குறட்டை விடுவேன். முதுகு விட்டுப்போனது. வெள்ளையும் குறைந்தது.

கமலம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். "ஏன் சுந்தரா, முன்னைவிட சீக்கிரமா எழுந்திருக்கியே?"

"தூங்கறதுக்குத்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எனக்கும் அந்தப் பதில் சரியாகப் படவில்லைதான். அதை யோசிக்கிற அளவுக்குத் தூக்கம் இல்லை.

இன்று தண்ணீர் நாள். இலையைத் துடைத்துவிட்டு வந்து படுத்தேன். அவர் அலாரம் அடிக்கவில்லை. காத்திருந்தேன். குழாய் இருமியது. அசைவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினேன்.

"ஏனுங்க, எந்திரிங்க. பூ விரிஞ்சிருக்கும்."

"நீ தொட்டுரு."

"நான் எப்படிங்க? பொம்பளை கை பட்டா பிஞ்சு வெம்பி…"

"ரெண்டு வாரமா இலை இலையாத் துடைச்சு விடற. ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு பிஞ்சு வெம்பல." போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். "உனக்குத்தான் புள்ள கைராசி."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

வெளியே குழாய் காறியது. இந்தத் தடவை அவருக்குக் கேட்டது.

"எழுந்ததுதான் எழுந்துட்ட," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், "அப்படியே தண்ணியையும் பிடிச்சிரு."