ஆத்தா மரத்துப் பல்குச்சி

பிரஷ் பிடிக்காதவன் பல்லே விளக்காதவன் என்று நினைக்கிற ஆட்களோடு எனக்கு ஜென்மச் சண்டை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கடைவாயில் ஒன்று போனதைத் தவிர மற்றதெல்லாம் சொந்தப் பல். முறுக்கு கடிக்கிறேன், கரும்பு கடிக்கிறேன், ரொம்பப் பேசினால் ஆளையும் கடிப்பேன். அதனால் தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். எந்தத் தீர்ப்பானாலும் நாளைக் காலையில் எனக்கு வேப்பங்குச்சிதான்.

அறுபதுகளின் நடுவில் கடலூர் பழைய டவுனில் ஒரு நெல் மில்லில் எனக்கு வேலை. மில்லுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். காலையில் சுண்டு விரல் பருமனில் ஒரு குச்சி ஒடித்து, நுனியை மென்று பஞ்சாக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, கடைசியில் குச்சியைப் பிளந்து நாக்கை வழித்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். (அதற்குள் ஊர் நியாயம் முழுவதையும் பேசி முடித்துவிடலாம். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு எதைப் பேச முடியும்?)

சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்ட மறுநாளே தகராறு. அவள் அப்பா சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் கிளார்க். அந்த வீட்டில் ஆளுக்கொரு பிரஷ். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, எதைத் தின்றாலும் வாய் கொப்பளிப்பு. ராத்திரியில் பல் விளக்குகிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தூங்கப் போற பல்லுக்கு எதுக்கு இவ்ளோ சிங்காரம்?" என்று கேட்டேன்.

"நீங்க சாப்ட்ட மீனு ராத்திரி பூரா உங்க வாயிலயே தூங்குது. பக்கத்துல படுக்கறவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அந்த வருஷம் தலை தீபாவளி. சிதம்பரம் போகிற பஸ்ஸில் சரோஜா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாளு. எங்க தெருவுல குச்சியும் வாயுமா நிக்காதீங்க. மில்லுக்காரனுக்கா பொண்ணக் குடுக்கறதுன்னு எங்க சித்தப்பா குதிச்சாரு. அவரோட மல்லுக்கட்டித்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். அவுங்க முன்னாடி என்னத் தல குனிய வெச்சிடாதீங்க."

"பாக்கலாம்" என்றேன். ('பாக்கலாம்' என்பது சம்மதம் ஆகாது. எந்தக் கோர்ட்டிலும் இதை நான் வாதாடத் தயார்.)

மாமனார் வீட்டில் தாம்பாளத்தில் புது வேட்டி, சட்டை. அவற்றின் மேல் ஒரு புத்தம் புது பிரஷ்ஷும் பேஸ்ட் டியூபும். தீபாவளித் துணிக்கு மஞ்சள் தடவிய கையோடு மாமியார் பிரஷ்ஷுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். "மாப்ளைக்குன்னே பாத்துப் பாத்து வாங்கியாந்தேன்" என்று மாமனார் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன பல்லில்லாமலா வந்திருக்கிறேன்?

விடிவதற்குள் எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு சந்து வழியாக நடந்தேன். சந்து முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். கைக்கெட்டுகிற உயரத்தில், இலையோடு அருமையான கிளை. இவ்வளவு நல்ல குச்சியை இத்தனை நாள் ஒருத்தனும் ஒடிக்காமல் விட்டு வைத்திருக்கிறானே என்று அந்தத் தெருவின் பற்களுக்காகப் பரிதாபப்பட்டேன். ஒடித்தேன். மென்றுகொண்டே மரத்தைச் சுற்றித் தெருப்பக்கம் வந்தேன்.

அந்தப் பக்கத்தில் மரத்துக்கு மஞ்சள் சேலை கட்டியிருந்தது. அடியில் சூலம், குங்குமம், எலுமிச்சம்பழம். எதிரே கையில் அகல் விளக்கோடு, அந்த மரத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிற அஞ்சலை அக்கா.

"ஐயோ! ஆத்தா கைய ஒடிச்சி வாயில வெச்சிக்கிட்டு நிக்கறானே!"

தீபாவளிக் காலை. தெருவே எண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருந்த நேரம். எல்லோரும் தலையிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடிவந்தார்கள். முன்வரிசையில், இடுப்புத் துண்டோடு சித்தப்பா. மாமனார் கையில் பிரஷ்ஷோடு வந்து சேர்ந்தார்.

"எச்சி பண்ணிட்டாரே! இத கீழயும் போடக் கூடாது, துப்பவும் கூடாது" என்றார் அஞ்சலை அக்கா. வாய் நிறைய வேப்பஞ்சாறு. விழுங்கினேன்.

"மன்னிப்புக் கேட்டுடுங்க மாப்ள" என்றார் மாமனார்.

"தெரியாம ஒடிச்சதுக்கு ஆத்தாகிட்ட கேக்கறேன். குச்சியில பல்லு வெளக்குனதுக்கு எவன்கிட்டயும் கேக்க மாட்டேன்" என்றேன். சொன்னபடியே மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தேன்.

சித்தப்பா சரோஜாவைப் பார்த்துத் திரும்பினார். "இப்பவாச்சும் தெரிஞ்சுதா, நீ எங்க போயி வுழுந்தேன்னு?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடலூருக்குத் தனியாகத்தான் திரும்பப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அவள் நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள்.

"அஞ்சலக்கா, ஆத்தா வேப்பில பிரசாதந்தான?"

"ஆமா."

"பிரசாதத்த வாயிலதான போடணும்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் மென்ற நுனியையே வாயில் வைத்துக் கடித்தாள். நறநறவென்று மென்றாள், இலையையும் சேர்த்து. முகம் சுளிக்கவில்லை. கண்ணைச் சித்தப்பா மேலிருந்து எடுக்கவுமில்லை.

"இன்னா சித்தப்பா, உங்களுக்கும் ஒரு துண்டு குடுக்கட்டுமா?"

சித்தப்பாவுக்குத் திடீரென்று கண்ணில் எண்ணெய் இறங்கிவிட்டது. துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அஞ்சலை அக்கா எங்கள் இருவர் நெற்றியிலும் குங்குமத்தை அப்பி, "போயி தலைக்கு ஊத்துங்க" என்றார்.

சரோஜா கிணற்றடியில் வெகுநேரம் ஓங்கரித்தாள். அன்று அதிரசம்கூட அவளுக்குக் கசந்தது. (அவள் பங்கையும் நான் தின்றேன். வீணாக்கலாமா?) மத்தியானம்தான் வாய் திறந்தாள்.

"இனிமே தெனமும் ராத்திரி பிரஷ்ஷு. பாக்கலாம்னீங்கன்னா நான் இங்கயே இருந்துடுவேன்."

அன்றிரவு மஞ்சள் பொட்டு வைத்த பிரஷ்ஷால், நுரை புது வேட்டியெல்லாம் வழிய, பல் விளக்கினேன். இன்றுவரை காலையில் குச்சி, ராத்திரியில் பிரஷ். இதற்குப் பெயர் தோல்வி அல்ல, உடன்படிக்கை.

எங்கள் வீட்டுக்குத் தலை தீபாவளிக்கு வருகிற ஒவ்வொரு மாப்பிள்ளையிடமும் பிள்ளைகள் கேட்பார்கள்: "பிரஷ் எடுத்தாந்தீங்களா மாப்ள, இல்ல கோயில் மரம் எங்க இருக்குன்னு காட்டட்டுமா?" வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொள்வேன். என் மாமனார்தான் அழுது புரண்டு அன்றைக்கு என்னை மீட்டார் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஏனென்றால், "நான் உங்க எச்சிக் குச்சிய மென்னத யாருக்கும் சொல்லக் கூடாது, மானம் போயிடும்" என்று சரோஜா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இதோ, சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன். படித்துவிட்டுத் திட்டுவாள், திட்டட்டும். அன்றைக்கு அந்தத் தெருவில் என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாமலே நான் போய்ச் சேர மாட்டேன்.